தலையா, தண்டா: மண்ணில் கிடைக்கும் பழைய ஆணிகளை இனங்காணல்

மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவோருக்கு நாணயத்தைவிட ஆணியே அதிகம் கிடைக்கும். அது கொல்லர் அடித்ததா, எந்திரம் வெட்டியதா, கம்பியிலிருந்து செய்ததா என்று அறியப் பலரும் முதலில் பார்ப்பது தலையைத்தான். தலையை நம்புவதில் இரண்டு இடர்கள் உள்ளன. துரு அங்கே கட்டி கட்டியாகப் பிடித்து வடிவத்தை மறைத்துவிடும். அதோடு, தொடக்கக்கால வெட்டாணிகளுக்கும் தலையைக் கையால்தான் அடித்தார்கள் என்பதால், சுத்தியல் தடம் தெரிந்தாலும் அது கொல்லர் ஆணி என்று உறுதியாகாது.

தண்டே மேலான சாட்சி. விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிப் பார்க்கும்போது நான்கு பக்கமும் நுனியை நோக்கிச் சரிந்தால் அது கொல்லர் அடித்தது. இரண்டு பக்கம் இணையாகச் சென்று மற்ற இரண்டு மட்டும் சரிந்தால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய, இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி. உருண்டையாக, நுனிக்குச் சற்று முன்புவரை ஒரே பருமனாக இருப்பது கம்பி ஆணி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் இதுவே மற்றவற்றை ஓரங்கட்டியது.

துருவின் போக்கும் உதவும், ஆனால் எல்லை உண்டு. தேனிரும்பில், அதாவது கொல்லர்கள் காய்ச்சி அடித்து வடிவமைத்த பழைய வகை இரும்பில், கசடு இழை இழையாகக் கலந்திருப்பதால் அது அரிக்கும்போது மரத்தின் வரிபோலக் கோடுகள் தெரியும். எஃகில் பெரும்பாலும் குழிகளே விழும். பழைய வெட்டாணிகளும் தேனிரும்பே ஆதலால், கோடுகள் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, அவை ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்: தொடக்கக்கால வெட்டாணிகள் பலவற்றில் அவை தண்டுக்குக் குறுக்காக ஓடும்.

வகை தெரிந்தாலும் வயது தெரிந்துவிடாது. ஸ்காட்லாந்தின் இஞ்ச்டுதில் கோட்டையை ஏறத்தாழ கி.பி. 87இல் கைவிட்டபோது ரோமானியர்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைப் புதைத்துச் சென்றார்கள். அவற்றின் சதுரத் தண்டும் கூரிய சரிவும் 18ஆம் நூற்றாண்டுக் கொல்லரின் ஆணியிலும் அப்படியே உண்டு. ஆகவே கம்பி ஆணி ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று திட்டமாகச் சொல்லும். கொல்லர் ஆணியோ உடன் கிடைத்த பொருள்களின் துணையின்றி ஏதும் சொல்லாது. மடங்கிய ஆணி மட்டும் இன்னொரு செய்தி தரும்: தலையின் அடிப்புறத்திலிருந்து மடிப்புவரை உள்ள நீளம், அது துளைத்துச் சென்ற பலகைகளின் மொத்தத் தடிமனாக இருக்கலாம்.

உருவம் புரியாத துண்டுகளுக்கு உடைந்த முகமே போதும். வார்ப்பிரும்பு வளையாமல் சட்டென உடைந்து சொரசொரப்பான மணிமணியான முகத்தைக் காட்டும். தேனிரும்பு வளைந்து, நார்நாராகப் பிரியும். காந்தம் இரண்டையும் இழுப்பதால் இவற்றைப் பிரிக்க உதவாது, செம்பையும் ஈயத்தையும் விலக்க மட்டுமே பயன்படும். துருவை அரத்தால் தேய்ப்பது வேண்டாம். இரும்பு முற்றிலும் அரித்துப்போன துண்டில் பழைய வடிவம் அந்தத் துருப் படலத்தில்தான் எஞ்சியிருக்கும்.