புத்தகத்தைத் திறந்து படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

அந்த விடை இடப்பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது பத்தியில் இருந்தது. அதன் மேல் மஞ்சள் கோடு போட்டிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம். பக்கத்தின் மேல்மூலையில் இருந்த மைக்கறைகூடக் கண்முன் நின்றது. பத்தியில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவே இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில், தேர்வறையில், வெள்ளைத்தாளைப் பார்த்தபடி அப்படிக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை ஈரமாகி, விடைத்தாளின் ஓரம் நனைந்தது. அந்தப் பாடத்தை நான் ஐந்து முறை படித்திருந்தேன்.

பிறகு பல ஆண்டுகளாக மாணவர்களுக்குத் தேர்வு நேரத்தில் துணைநிற்கும் வேலையைச் செய்துவருகிறேன். எப்படிப் படிப்பது என்று ஆசிரியரிடம் கேட்கிறார்கள். பயத்தை எப்படிப் போக்குவது என்று நண்பர்களிடம் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். தேர்வறையில் வரும் நடுக்கத்தில் பெரும்பங்கு, படிக்கும் மேசையில் நாம் தேர்ந்தெடுத்த முறையிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் அதன் மாற்று வழியோடு நிறுத்தி, இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன்: ஒரு வாரம் கழித்து எவ்வளவு மிஞ்சும்? தேர்வறையில் அது நம்மைத் தாங்குமா?

திரும்பப் படித்தலும் எழுதிப் பார்த்தலும்

பெரும்பாலான மாணவர்கள் செய்வது திரும்பத் திரும்பப் படிப்பது. கூடவே வண்ணக் கோடுகள். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது: மூன்றாவது முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும், எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, பெயர் நுனிநாக்கில் நின்றுவிடுகிறது, வெளியே வரவில்லை. அது போன்றதுதான் இதுவும். முகத்தை அடையாளம் காண்பது ஒரு திறன், பெயரைச் சொல்வது வேறு திறன். தேர்வு கேட்பது இரண்டாவதை.

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் சராசரியாக 14 முறை படித்துவிட்டார்கள். இன்னொரு குழு ஒரே அமர்வில் மூன்று நான்கு முறை மட்டும் படித்தது. மீதி மூன்று அமர்வுகளில் தாளை மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது: 83 சதவீதத்துக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழாகிவிட்டது. படித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள். பொய்யான அந்த நம்பிக்கை வினாத்தாளைக் கண்டதும் உடைகிறது. உடையும் சத்தத்தைத்தான் நாம் பயம் என்கிறோம்.

செய்யும் முறை எளிது. ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் தலைப்பை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம், நீல மையில், நினைவுக்கு வருவதையெல்லாம் எழுத வேண்டும். வரிசையாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். மறுநாள் படிக்க வேண்டியது சிவப்பு மட்டும்.

என்னிடம் வந்த ஒரு மாணவி முதல் நாள் நீலத்தில் நாலரை வரி எழுதினாள். சிவப்பு தாள் முழுவதையும் நிறைத்துவிட்டது. அவள் பேனாவை வைத்துவிட்டு அழுதாள். இரண்டு மாதமாகப் படித்த பாடம் அது. "எனக்கு எதுவுமே தெரியவில்லை, சார்" என்றாள். இந்த இடத்தில்தான் பலர் இந்த முறையைக் கைவிடுகிறார்கள். திரும்பப் படிப்பது இதமாக இருக்கிறது, எழுதிப் பார்ப்பது வலிக்கிறது. ஆனால் அந்த வலி மேசையில் வரவில்லை என்றால் தேர்வறையில் வரும். அங்கே சிவப்புப் பேனா கிடையாது.

திரும்பப் படிப்பதற்கும் இடம் உண்டு. ஒரு பாடத்தை முதன்முறையாகச் சந்திக்கும்போதும், கருத்தே பிடிபடாதபோதும் நிதானமாக இரண்டு முறை படிப்பதுதான் சரி. புரியாததை எழுதிப் பார்ப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடும். வண்ணக் கோடுகளுக்கு நான் அந்த இடமும் தரமாட்டேன். ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து எழுதியபோது, கோடிடுவதையும் திரும்பப் படிப்பதையும் குறைந்த பயனுள்ளவற்றில் வைத்தார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் உயர்ந்த பயனுள்ளவை என்றார்கள்.

ஒரே வகைக் கணக்கா, கலந்த கணக்கா

கணிதம், இயற்பியல், புள்ளியியல் படிப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு மிக முக்கியம். ஒரு வகைக் கணக்கைப் பத்து முறை போட்டுவிட்டு அடுத்த வகைக்குப் போவது வழக்கமான முறை. வகைகளைக் கலைத்துப் போட்டுச் செய்வது மாற்று முறை. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை இந்த இரண்டு வழியிலும் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பயிற்சியின்போது ஒரே வகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது. கலந்து செய்தவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள்.

காரணம் விளங்கக்கூடியதே. ஒரே வகையைத் தொடர்ந்து போடும்போது எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை, அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. இரண்டு மூன்று கணக்குகள் வழியாக ஒரு வகை பிடிபட்டவுடன் கலந்துவிட வேண்டும் என்பது என் பரிந்துரை. பழைய வினாத்தாள்கள் இதற்குத் தயாராகக் கிடைக்கும் கருவி. அவற்றைக் கடைசி வாரத்துக்கென்று பத்திரப்படுத்துவது வீண்.

பரவலாகப் படித்தலும் கடைசி இரவும்

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நூலில் தன் நினைவைத் தானே அளந்து பார்த்தார். பொருளற்ற அசைகளின் வரிசை ஒன்றை மறுநாள் எளிதில் ஒப்பிப்பதற்கு, ஒரே நாளில் 68 முறை உருப்போட வேண்டியிருந்தது. மூன்று நாட்களில் பிரித்துச் செய்தபோது 38 முறை போதுமானதாக இருந்தது. பரவலாகப் படித்தால் உழைப்பே குறைகிறது என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன். ஒழுக்கம் உள்ளவர்களுக்கான முறை என்று நினைத்து அவர்கள் அதை ஒதுக்குகிறார்கள்; நேரம் இல்லாதவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை.

இரவு முழுக்க விழித்துப் படிப்பது வெளிப்பார்வைக்குத் தியாகம்போல் தெரியும். விழித்திருப்பவருக்குத் தன் மூளை எவ்வளவு மந்தமாகிவிட்டது என்று தெரியாது என்பதுதான் ஆபத்து. ஹான்ஸ் வான் டோங்கன் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், 14 நாட்கள் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், இரண்டு இரவு வரை தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தன. ஆனால் தங்களுக்குச் சற்றே தூக்கக் கலக்கம் இருப்பதாகத்தான் அவர்கள் உணர்ந்தார்கள். காபியை நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலையில் குடித்தது நள்ளிரவிலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

நாளை தேர்வு, பாதிப் பாடம் கைவைக்கப்படாமல் இருக்கிறது என்றால் என்ன செய்வது? அடிக்கடி கேள்வியாகும் மூன்று நான்கு பகுதிகளை மட்டும் எடுத்து, மூடிவைத்து எழுதிப் பார்த்துவிட்டு, தூங்கப் போவதே நல்லது. எல்லாவற்றையும் மேலோட்டமாகப் புரட்டினால் கையில் எதுவும் தங்காது.

தனியாகவா, கூட்டமாகவா என்பதில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தனியாகப் படித்துவிட்டு, ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்வதற்காக மட்டும் கூடினால் கூட்டம் பயன்தரும். தேர்வறை வாசலில் கூடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அங்கே ஒருவரின் பதற்றம் பத்துப் பேருக்குத் தொற்றிவிடும்.

பதற்றத்தை அடக்குவதா, திருப்புவதா, கொட்டிவிடுவதா

தேர்வுப் பதற்றம் ஒரே பொருள் அல்ல. ராபர்ட் லீபர்ட், லாரி மாரிஸ் இருவரும் 1967லேயே அதை இரண்டாகப் பிரித்தார்கள்: இதயம் படபடப்பது, வயிற்றில் புளியைக் கரைப்பது போன்ற உடல் கிளர்ச்சி ஒன்று, "தோற்றுவிட்டால் என்ன ஆகும்" என்று ஓடும் கவலை எண்ணம் மற்றொன்று. மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது கவலை எண்ணமே. விடையை யோசிக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிரிவு தெரிந்தால், எந்த வழி எதற்கு என்பதும் தெளிவாகும்.

மூச்சை மெதுவாக்கி உடலை அமைதிப்படுத்துவது முதல் வழி. இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டால் இதயத் துடிப்பு இறங்கும். எங்கும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. உடல் கிளர்ச்சிக்கு இது நல்ல மருந்து, கவலை எண்ணத்துக்கு அரை மருந்துதான். "அமைதியாக இரு" என்று மனதுக்குக் கட்டளையிடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை.

படபடப்பை உற்சாகம் என்று பெயர் மாற்றுவது இரண்டாவது வழி. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பாட்டு, மேடைப்பேச்சு, கணிதத் தேர்வு ஆகியவற்றுக்கு முன் தங்கள் படபடப்பை உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். துடிக்கும் இதயத்தை நிறுத்துவதைவிட அதற்கு வேறு பொருள் கொடுப்பது எளிது என்பது அதன் அடிப்படை. ஓரளவு படித்தவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். எதுவும் படிக்காதவரின் காதில் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்பது வெறும் வாய்ச்சொல்லாகவே விழும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெரார்டோ ராமிரெஸ், சியன் பெய்லாக் இருவரும் 2011இல், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் அச்சத்தைப் பற்றி மனம் திறந்து எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். வழக்கமாகத் தேர்வைக் கண்டு மிகவும் அஞ்சுகிறவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. கவலையைத் தலைக்குள் சுமப்பதைவிடத் தாளில் இறக்கிவைப்பது மேல். இந்தப் பத்து நிமிடத்தை வாசலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவதற்கு மாற்றாகச் செய்து பாருங்கள். புரட்டிய பக்கங்கள் எப்படியும் கலங்கித்தான் இருக்கும்.

இந்த மூன்றும் தேர்வு நாளுக்கானவை. அவற்றுக்கு முன்னால் நிற்பது மாதிரித் தேர்வு: உண்மையான நேரக்கணக்கோடு, செல்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழு வினாத்தாளையும் எழுதுவது. "வரவில்லையே" என்ற கணத்தை மேசையிலேயே இருபது முறை சந்தித்தவருக்கு, இருபத்தொன்றாவது முறை அது புது எதிரியாகத் தெரியாது. பல வாரங்களாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால் இந்த ஒப்பீடு எதுவும் உங்களுக்கானது அல்ல. அன்றே ஒரு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ, முதலில் நம்பிக்கையான ஒருவரிடமோ பேசிவிடுங்கள். தேர்வை மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

தேர்வறைக்குள் ஒரு கேள்வி

பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளில், முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்பது பரவலான நம்பிக்கை. ஜஸ்டின் குரூகர் குழுவினர் 2005இல் 1,561 மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தார்கள். தவறிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம், சரியிலிருந்து தவறுக்கு மாறியவை 25 சதவீதம். மாற்றிக் கெட்டது மனதைச் சுடுவதால் நினைவில் நிற்கிறது, மாற்றிப் பிழைத்தது மறந்துபோகிறது. மறுபடி படித்தபின் உங்களிடம் காரணம் இருந்தால் மாற்றுங்கள். வெறும் நடுக்கத்தால் மாற்றாதீர்கள்.

நாலரை வரி எழுதி அழுத அந்த மாணவி, ஆறு வாரம் நீலத்திலும் சிவப்பிலும் எழுதினாள். ஐந்தாவது வாரத்தில் சிவப்பு, ஓரங்களில் மட்டும் இருந்தது. தேர்வன்று மூன்றாவது கேள்வியைப் படித்ததும் தலை வெறுமையாகிவிட்டதாகப் பிறகு சொன்னாள். அவள் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தலைப்பை மட்டும் பென்சிலால் எழுதி, அதன் கீழே வந்ததையெல்லாம் எழுதத் தொடங்கியிருக்கிறாள், வீட்டு மேசையில் செய்ததுபோலவே. ஆறாவது வரியில் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாளாம்.