ஸ்டூர்ஃபோர்சென் பார்க்கப் போகிறவர்களுக்கு: அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜூன் கடைசியில் வடக்கு ஸ்வீடனுக்குப் போயிருந்தோம். அங்கே ஸ்டூர்ஃபோர்சென் என்கிற ஆற்றுப் பாய்ச்சல் இருக்கும் இயற்கைக் காப்பகத்தில் 1,800 குரோனர் ஏமாந்தோம். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அந்த இடத்தில் அப்பா அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கார் ஓட்டுவதில்லை. அதனால் லூலியோவிலிருந்து வண்டியும் வழிகாட்டியுமாக அழைத்துப் போகும் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் பதிவு செய்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல். காப்பகம் என்பதால் நுழைவு அனுமதிக்குத் தலைக்கு 250 குரோனராம். அப்பா சக்கர நாற்காலியில் வருவதால் பாதை ஏற்பாட்டுக்கு இன்னொரு 800. நம் ஊரில் வனத்துறை இடம் என்றால் ஆளுக்கு ஒரு டிக்கெட், கேமராவுக்கு ஒரு டிக்கெட் என்று வாங்கிப் பழகியவன் நான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. உடனே ஸ்விஷ் என்கிற பணம் அனுப்பும் செயலியில் அனுப்பிவிட்டேன்.

அங்கே போய் இறங்கினால் வாசலும் இல்லை, கவுன்ட்டரும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் பாட்டுக்கு நடந்து போகிறார்கள். அப்பாதான் முதலில் கேட்டார், "ஏம்ப்பா, டிக்கெட்டை யாரும் கிழிக்கவே இல்லையே?" எல்லாம் ஆன்லைனில் முடிந்துவிட்டது என்றார் வழிகாட்டி.

அந்தப் பாதை ஏற்பாடு என்பது என்ன தெரியுமா? ஆற்றோரமாகப் போட்டிருக்கிற மரப் பலகை நடைபாதையும் சாய்தளமும். எல்லோருக்குமாகக் காப்பகத்திலேயே இருப்பவை. நாற்காலியைத் தள்ளியது நான்தான்.

ஆறு மட்டும் ஏமாற்றவில்லை. செங்குத்தாக விழுகிற அருவி இல்லை இது, சரிவில் உருண்டு புரண்டு வருகிற வெள்ளம். பீத்தே ஆறு இங்கே 5 கிலோமீட்டருக்குள் 82 மீட்டர் இறங்குகிறது, அதில் 60 மீட்டர் கடைசி 2 கிலோமீட்டரில். சராசரியாக நொடிக்கு 250 கன மீட்டர் தண்ணீர். மலையில் பனி உருகும் காலத்தில் 800ஐயும் தாண்டும். புதிதாக நீர்மின் நிலையம் கட்டாமல் சட்டம் காக்கிற நான்கு தேசிய ஆறுகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் இந்தப் பாய்ச்சல் இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பா கைப்பிடிக் கட்டையில் உள்ளங்கையை வைத்து, அது அதிர்வதை ரொம்ப நேரம் உணர்ந்துகொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் என்றால் பத்து நிமிடம். மொத்தமே நாற்பது நிமிடத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

டோடா ஃபாலெட் பக்கம் போகலாமா என்று கேட்டேன். 'செத்த அருவி' என்று அர்த்தம். மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பிய காலத்தில், கட்டைகள் சிக்காமல் போக ஆற்றை முதன்மை ஓட்டத்துக்கே திருப்பிவிட்டார்கள். தண்ணீர் வற்றிய பழைய கிளையில் வழவழப்பான பாறைகளும், சுழல் குடைந்த குழிகளும், அமைதியான குட்டைகளும் மிஞ்சின. பெரிய ஓட்டத்தை நெருங்கவே முடியாது, இங்கேதான் காலை நனைக்க முடியும். அம்மா காலையிலிருந்தே அதற்காகத்தான் காத்திருந்தார். அந்தப் பகுதி மூடியிருக்கிறது, அதற்கு வேறு அனுமதி வேண்டும் என்றார் வழிகாட்டி.

வண்டிக்குத் திரும்பும்போது எதிரே ஒரு குடும்பம் வந்தது. குழந்தைகளின் தலைமுடி ஈரமாக இருந்தது. எங்கே குளித்தீர்கள் என்று கேட்டேன். டோடா ஃபாலெட்டில்தான், அங்கேயே அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள். அனுமதி பற்றிக் கேட்டதும் அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. "இயற்கைக்குள் போக யாருக்குப் பணம் கொடுப்பீர்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். கால் துடைக்க அம்மா கொண்டு வந்த துண்டு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

அப்புறம்தான் விசாரித்தேன். ஸ்வீடனில் இயற்கைக் காப்பகங்களுக்குள் போக நுழைவுக் கட்டணம் கிடையாது. அல்லெமான்ஸ்ரெட்டன் என்று, இயற்கையில் யாரும் நடமாடலாம் என்கிற உரிமையே இங்கே உண்டு. காப்பகத்துக்கென்று தனி விதிகள் இருக்கும், அவை அங்கேயே பலகையில் எழுதியிருக்கும். மீன் பிடிப்பதென்றால் மட்டும் மீன்பிடி அட்டை வாங்க வேண்டும். நாங்கள் தூண்டிலைத் தொடவே இல்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். 'நிர்வாகச் செலவு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலையும், நுழைவு அனுமதி என்று எழுதிய பழைய மின்னஞ்சலையும், ஸ்விஷ் ரசீதையும் சேர்த்து நுகர்வோர் புகார் வாரியமான ஏஆர்என்-இல் கொடுத்திருக்கிறேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அவர்கள் மறுத்த ஆதாரமும் வேண்டும். வாரியத்தின் முடிவு பரிந்துரைதான் என்றாலும் பெரும்பாலான நிறுவனங்கள் மதிக்கும் என்கிறார்கள். முடிவு வரும்வரை பெயரைப் போடாமல் வைத்திருக்கிறேன்.

வாடகை வண்டி வைத்துக்கொண்டு போகிறவர்கள் வண்டிக்கும் வழிகாட்டிக்கும் மட்டும் பணம் பேசுங்கள். பில்லில் 'நுழைவு', 'காப்பக அனுமதி' என்று ஏதாவது வரி இருந்தால், யாருக்குக் கட்டுகிற பணம், ரசீது எங்கே என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள். காப்பகத்தில் எத்தனை மணி நேரம் நிற்பார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.