ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள்: சக்கர நாற்காலிக்கு எந்த வழி தேவலை?

பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குச் சுவரோவியம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் ஆர்மீனியன் வீதி. சைக்கிளில் அக்காவும் தம்பியும் போகிற அந்த ஓவியம். பிள்ளைகள் சுவரில், சைக்கிள் மட்டும் நிஜம். 2012-இல் லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஜக்கரேவிச் வரைந்தது. நாங்களும் அங்கேதான் போனோம். மாமா பார்த்தது என்னவோ பத்துப் பேருடைய முதுகை.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். மடக்கக்கூடிய, கையால் தள்ளுகிற சாதாரண நாற்காலி, தள்ளுவது நான். உட்கார்ந்திருப்பவரின் கண் நின்றிருப்பவரின் வயிற்று உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கூட்டம் நிற்கிற ஓவியம் எதுவானாலும் அவருக்குப் பாதி ஓவியம்தான். இரண்டு நாளில் மூன்று வழியாகப் போய்ப் பார்த்தோம். புகழ் எங்கே இருக்கிறது என்பது வேறு, நாற்காலிக்கு எது சௌகரியம் என்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்கு முன் அஞ்சடியைப் பற்றி. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். கடைகளின் முன்னால் இப்படி நடை விடவேண்டும் என்பது, சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822-இல் அந்த ஊருக்குப் போட்ட விதி, பின்னால் மலாயா நகரங்களுக்கும் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் அருமையான ஏற்பாடு. நாற்காலிக்கு மட்டும் ஆகாது. ஒரு கடையின் அஞ்சடி முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண் கீழே, நடுவில் ஒரு படி. அதையும் தாண்டினால் மோட்டார் சைக்கிளோ அரிசி மூட்டையோ நிற்கும். ஆகவே மூன்று வழியிலும் நாங்கள் ரோட்டோரமாகத்தான் போனோம், நிழல் இல்லாமல், கார்களுக்குப் பக்கத்திலேயே. அஞ்சடி நமக்கு உதவும் என்று நம்பி யாரும் திட்டம் போடாதீர்கள்.

சரி, முதல் வழி. ஆர்மீனியன் வீதி, அதை ஒட்டிய ஆ குவீ வீதி, கேனன் வீதி. தூரம் மிகக் குறைவு. நாற்காலியின் மீது ஏறி ஜன்னலை எட்டும் பையன், பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பையன், சைக்கிள் பிள்ளைகள் என்று மூன்றும் கிட்டக் கிட்ட. தரை மட்டமானது. தூரத்தை மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் வரிசை கட்டிப் படம் எடுக்கிறார்கள். "கொஞ்சம் வழி" என்றால் விடுவார்கள், குறை சொல்ல மாட்டேன். விட்டதும் நாம் ஓவியத்துக்கு முன்னால் நிற்போம், பின்னால் முப்பது பேர் காத்திருப்பார்கள். மாமா அரை நிமிடம் பார்த்துவிட்டுப் "போதும்டா, தள்ளு" என்றார். அது பார்த்ததாகாது.

இரண்டாவது வழி லிட்டில் இந்தியாவில் ஆரம்பிக்கிறது. குவீன் வீதி மகாமாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. அங்கிருந்து சூலியா வீதிக்கு இறங்கி, 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கமாகப் போய், லவ் லேன் வழியாக முந்த்ரி வீதி. சூலியா என்றால் தமிழ் முஸ்லிம்கள்தான். மாமாவுக்குப் பாதிக் கடைகள் பழக்கம். வழியெங்கும் சுவரில் இரும்புக் கம்பியால் செய்த கேலிச்சித்திரங்கள். நகரம் முழுக்க இப்படி 52 வைத்தார்கள். லவ் லேனில் ஒரு புருஷன் ஜன்னல் வழியாக நழுவுகிறான், ஏனென்றால் பணக்காரர்கள் அந்தச் சந்தில்தான் சின்னவீடு வைத்திருந்தார்களாம். முந்த்ரி வீதிப் பக்கம் செருப்புத் தைக்கும் சிறுவனாக, உலகப் புகழ்பெற்ற செருப்பு வடிவமைப்பாளர் ஜிம்மி சூ. செருப்புக்கலையை அவர் முதலில் இந்த ஊரில்தான் கற்றார்.

மாமாவுக்கு இது ஏன் ஒத்துவந்தது என்றால், இந்தக் கம்பிச் சித்திரங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கின்றன. யார் முன்னால் நின்றாலும் மறைக்காது. முந்த்ரி வீதியில் நீலச் சட்டைச் சிறுமியும் அப்படித்தான். இரண்டு ஜன்னல் கூரைகளைப் பிடித்துத் தொங்கும் பெரிய ஓவியம், எதிர்ப்பக்க ரோட்டோரத்திலிருந்தே முழுசாகத் தெரியும். கிட்டப் போனால் கழுத்து வலிக்கும், அதனால் எதிர்ப்பக்கம்தான் நல்லது. அங்கே ஒரு கடைக்காரர் மோட்டார் சைக்கிளைக் கேட்காமலே நகர்த்திக் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. சூலியா வீதியில் பஸ்ஸும் வேனும் நெருக்கும். அப்புறம் சாக்கடை. ரோட்டைக் குறுக்கே வெட்டும் இடங்களில் இரும்புக் கம்பி மூடிகள். கம்பிகள் நாம் போகிற திசையிலேயே ஓடினால் முன்பக்கச் சின்னச் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். எனக்கு அப்படி ஒருமுறை இறங்கிற்று. மாமா முன்னால் சரிந்தார், நல்லவேளை இடுப்பு பெல்ட் போட்டிருந்தோம். அதற்கப்புறம் மூடி வந்தால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்னாலேயே இழுத்தேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது வழி, கடலோரச் சியூ படகுத்துறை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால்களின் மேல் நிற்கும் மரப் பலகை நடை, பலகைகளுக்கிடையே இடுக்கு, ஈரமானால் வழுக்கும். அங்கே இருந்த படகுப் பிள்ளைகள் ஓவியமும் வெளுத்துப்போய்விட்டது. வாசலில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

நடுவில் டிரைஷா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா யோசனையும் வந்தது. பினாங்கு டிரைஷாவில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். காட்சி மறைக்காது, வெயிலுக்குக் குடையும் உண்டு. ஆனால் நாற்காலியிலிருந்து தூக்கி ஏற்றவேண்டும், நாற்காலியை மடித்து யாராவது சுமக்கவேண்டும். இரண்டு அடி நிற்க முடிந்தவருக்குச் சரிதான். பேட்டரி நாற்காலிக்காரர்கள் இதை மறந்துவிடலாம்.

எனக்கு இரண்டாவது வழிதான். ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது, பெயர் பெற்ற சைக்கிளைப் பார்க்காமல் போகக்கூடாது என்றால் ஏழரை மணிக்கு ஆர்மீனியன் வீதியில் இருங்கள். அந்நேரம் சுவரும் நீங்களும்தான். பிறகு சூலியா வீதிக்கு நகர்ந்தால் ஒன்பதரைக்குள் முந்த்ரி வீதி முடிந்துவிடும், வெயிலும் ஏறியிருக்காது.

தங்கும் விடுதிக்கும் ஒரு வார்த்தை. படி இல்லை என்று தொலைபேசியில் சத்தியம் செய்த ஒரு விடுதியின் வாசலில் இரண்டு படி இருந்தது. "ரெண்டே ரெண்டுதானே" என்றார்கள். வாசலையும் கழிப்பறையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். கழிப்பறை விஷயத்தில் பழைய கடைவீடுகளை நம்பவேண்டாம், கொம்தார் என்ற உயரக் கட்டடத்தின் பக்கத்துப் பேரங்காடிகளுக்குப் போய்விடுங்கள்.

சூலியா வீதியில் ஒரு நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) கடை மேசையை ரோட்டோரமாகவே போட்டிருந்தது. நாற்காலியோடு அப்படியே உள்ளே நுழைந்து மாமா தே தாரேக், அதாவது ஆற்றிய பால் டீ, சொன்னார், கொஞ்சம் சீனி கூட என்று. நான் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.