கோத்தகிரியிலிருந்து குவான்ட் படிப்பு: அமெரிக்க எம்.எஃப்.ஈ.யா, ஐ.எஸ்.ஐ.யா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பி.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகிற பிள்ளைகள், நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பிடித்துவைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, எனக்கு சீட் கிடைக்குமா?" எந்தப் படிப்பு உசத்தி, எதில் சம்பளம் அதிகம் என்பதையெல்லாம் அவர்களே தேடிப் படித்துவிடுகிறார்கள். கிடைக்குமா என்பதற்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

பேச்சு நிதிப் பொறியியல் பற்றியது, தலைப்பில் இருக்கும் குவான்ட் படிப்பு அதுதான். பங்கு, வட்டி, நாணய மாற்று ஆகியவற்றின் மேல் கட்டப்படும் ஒப்பந்தங்களுக்கு விலை போடுவதும், அவற்றில் புதைந்திருக்கும் ஆபத்தை அளப்பதும் இந்தத் துறையின் வேலை. அடித்தளம் நிகழ்தகவு. இதற்குள் நுழைய நம் பிள்ளைகள் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. பட்டம் வாங்கியதும் அமெரிக்காவில் நிதிப் பொறியியல் முதுகலைக்கு, அதாவது எம்.எஃப்.ஈ.க்கு விண்ணப்பிப்பது ஒன்று. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் (ஐ.எஸ்.ஐ.) போன்ற இடத்தில் நுழைவுத் தேர்வு எழுதி, புள்ளியியல் முதுகலையான எம்.ஸ்டாட். படித்துவிட்டு, அங்கிருந்து இந்தத் துறைக்குள் போவது இன்னொன்று. என் அத்தை மகன் முதல் வழியில் போனான், நான் இரண்டாவதில். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். செலவில் போட்டியே இல்லை. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே எண்பதாயிரம் டாலரைத் தொடும், பல இடங்களில் தாண்டும். பச்சைத் தேயிலை விலையை நம்பியிருக்கும் இரண்டு ஏக்கர் குடும்பத்துக்கு அது கடன் இல்லாமல் ஆகாது. அடமானம் வைக்கப் பட்டா வேண்டும். கூடலூர் பக்கம் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும், பட்டா கிடைக்காத நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சே எழாது. ஐ.எஸ்.ஐ.யில் நான் படித்தபோது கல்விக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் கொடுத்தார்கள்.

வேலை என்று பார்த்தால் அமெரிக்கப் படிப்புக்குத்தான் கை ஓங்கும். ஒன்று ஒன்றரை வருடத்தில் இட்டோ கணக்கீடு (தற்செயலாக மாறும் விலைகளுக்கான நுண்கணிதம்), விருப்ப ஒப்பந்தங்களுக்கு (ஆப்ஷன்) விலையிடல், சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி எல்லாவற்றையும் கலந்து ஊட்டி, நியூயார்க் நேர்காணலுக்கு நேராகத் தள்ளிவிடுவார்கள். எம்.ஸ்டாட். இரண்டு வருடம். பெரும்பகுதி கோட்பாடு, நிதி அதில் ஓர் ஓரமாகத்தான் வரும். மான்ஹாட்டனில்தான் உட்கார வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு என் வழி சுற்றுவழிதான்.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும் நான் ஐ.எஸ்.ஐ. பக்கம் நிற்கக் காரணம் ஒன்றே ஒன்று. அங்கே என் வாய்ப்பு எவ்வளவு என்பதை, காசு எதுவும் செலவழிக்கும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து நானே அளந்து பார்க்க முடிந்தது. அமெரிக்க வழியில் அது முடியாது.

அமெரிக்கச் சேர்க்கைக் குழு பார்ப்பது காகிதக் கோப்பு ஒன்றைத்தான். மதிப்பெண் பட்டியல், முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வின் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், சில இடங்களில் நேர்காணல். இதில் நாம் சுலபமாகப் பிடித்துக்கொள்வது ஜி.ஆர்.ஈ.யைத்தான், ஏனென்றால் அது எண். நல்ல படிப்புகளில் சேர்ந்தவர்களின் கணிதப் பகுதிச் சராசரி 168, 169 என்று இருக்கும், உச்சமே 170தான். எல்லோரும் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் அந்த மதிப்பெண் யாரையும் தூக்கிக் காட்டாது. குறைந்தால் தள்ளிவிடும், அவ்வளவே.

அப்புறம் எதுதான் தீர்மானிக்கிறது? மதிப்பெண் பட்டியலில் இருக்கும் தாள்களின் பெயர்கள். பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணித அடிப்படையிலான நிகழ்தகவு, ஏதாவது ஒரு நிரல்மொழி. இவை இருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளின் பி.எஸ்சி. பட்டியலை விரித்து வைத்துப் பாருங்கள். மெய்ப் பகுப்பாய்வு இருக்கும், சிக்கலெண் பகுப்பாய்வு இருக்கும், நிலையியலும் இயக்கவியலும் கட்டாயம் இருக்கும். நிகழ்தகவு மட்டும் துணைப் பாடமாக வந்த புள்ளியியல் தாளுக்குள் இரண்டு அலகாக ஒளிந்திருக்கும். பத்து நிமிடம் பேச விட்டால் மாணவனே விளக்கிவிடுவான். கோப்பைப் புரட்டுகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது. கூடவே மூன்று வருடப் பட்டம் என்ற சிக்கல் ஒன்று இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும், சில நான்கு வருடம் கேட்கும், சில மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று கேட்கும். இதை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

கடிதங்கள் இன்னொரு தலைவலி. அத்தை மகனின் பேராசிரியர் ஒருவர் அன்போடு ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார். மாணவன் ஒழுக்கமானவன், பணிவானவன், கல்லூரி விழாக்களில் முன்னின்று உழைத்தவன். நன்னடத்தைச் சான்றிதழுக்கு அதைவிட நன்றாக எழுத முடியாது. வகுப்பில் என்ன கணக்குப் போட்டான், எதில் மற்றவர்களை முந்தினான் என்று ஒரு வரி அதில் இல்லை. அவருக்கும் அப்படி எழுதிப் பழக்கமில்லை, குற்றம் சொல்ல முடியாது.

இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு கோவையில் ஓர் ஆலோசனை மையம் அவனுக்கு "எழுபது சதவீத வாய்ப்பு" என்று அச்சடித்துக் கொடுத்தது. எதில் எழுபது? இதே மாதிரி நூறு பேரை அனுப்பி எழுபது பேருக்குக் கிடைத்ததா? கேட்டால் பதில் இல்லை. சேர்க்கை விகிதத்தைப் பார்ப்பவர்களும் பாதி இதே வலையில்தான் விழுகிறார்கள். பரூக் கல்லூரி நியூயார்க் நகரின் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, கட்டணம் குறைவு, வகுப்பு மிகச் சிறியது. பிரின்ஸ்டனின் வகுப்பும் அப்படியே. இரண்டிலும் நூறு விண்ணப்பத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த விகிதம் கூட்டத்துடையது, உங்களுடையது அல்ல. நிகழ்தகவுத் தாள் இல்லாத பட்டியலுக்கு அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம், ஐ.ஐ.டி.யில் அதே தாளில் முதலாவதாக வந்தவருக்குப் பல மடங்காக இருக்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருப்பது மார்ச்சில் தொடங்கும் ஒரு வருடப் படிப்பு. அங்கே வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு எடை கூடும். இப்படி இடத்துக்கு இடம் தராசு மாறுகிறது.

கிடைக்கவில்லை என்றால் ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வரி வருத்தக் கடிதம் வரும். விண்ணப்பக் கட்டணம் எண்பது டாலரில் தொடங்கி இருநூறைத் தாண்டும், ஜி.ஆர்.ஈ.க்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். இவ்வளவு கட்டிய பிறகும், அடுத்த முறை எதைச் சரிசெய்வது என்ற தகவல் கைக்கு வருவதில்லை. அத்தை மகனுக்குக் கடைசியில் பெரிய வகுப்புள்ள ஒரு படிப்பில்தான் இடம் கிடைத்தது. நன்றாகவே இருக்கிறான். ஆனால் மையம் உறுதி என்று சொன்ன இடங்கள் எல்லாம் கைவிட்டன.

வீட்டிலிருந்தே ஜி.ஆர்.ஈ. எழுதலாம் என்பது நம் ஊருக்கு வசதி மாதிரித் தெரியும். கணக்குப் போடச் சாதாரணத் தாளை அனுமதிக்க மாட்டார்கள், அழித்து எழுதும் சின்னப் பலகையோ, கண்ணாடி போன்ற உறைக்குள் வைத்த தாளோதான். அதில் பழகாமல் உட்காராதீர்கள். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் எப்படி என்பது உங்களுக்கே தெரியும், கோவை மையம்தான் நல்லது.

சரி, ஐ.எஸ்.ஐ.க்கு வருவோம். 1931-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கே சேர்க்கைக்கு முதல் வாசல் எழுத்துத் தேர்வு, அதற்குப் பின் நேர்முகம். எந்தக் கல்லூரி, யார் பரிந்துரை என்று எழுத்துத் தேர்வு கேட்காது. மூன்று வருடப் பட்டம் தடையில்லை (உங்கள் பாடச் சேர்க்கை பொருந்துகிறதா என்பதை அந்த வருடத் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). பழைய வினாத்தாள்களை அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தத் தாள்கள்தான் எல்லாமே.

நான் பழகிய தாள்களில் இரண்டு பகுதிகள் இருந்தன. கொள்குறிப் பகுதியில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 0, தொடாமல் விட்டால் 1. இந்த 1-ஐக் கவனியுங்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குத்தினால் சராசரியாக வருவதும் 1தான். ஆக குருட்டடிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்துவிட்டால் சராசரி 4/3 ஆகிறது, அப்போது அடிக்கலாம். வினாத்தாளின் மதிப்பெண் விதியே ஒரு சின்ன நிதிக் கணக்கு. இதைப் பார்த்தபோதே எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

விரிவாக எழுதும் பகுதியில்தான் ஆளை எடை போடுகிறார்கள். எந்த மாதிரியான கேள்வி என்று காட்ட, எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அடுத்தடுத்து இரண்டு தலை விழும்வரை நாணயத்தைச் சுண்டினால் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? நம் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஈருறுப்புப் பரவலின் சராசரி மனப்பாடம். இங்கே அது உதவாது. முதல் சுண்டலில் பூ விழுந்தால் ஒரு முறை வீண், மறுபடி ஆரம்பம். தலைக்குப் பின் பூ விழுந்தால் இரண்டு முறை வீண், மறுபடி ஆரம்பம். இரண்டும் தலை என்றால் இரண்டோடு முடிந்தது. தேடும் சராசரியை ச என்று வைத்தால், ச = ½(ச+1) + ¼(ச+2) + ¼×2. விடை 6. வால் ஸ்ட்ரீட் நேர்காணல்களில் கேட்பதும் இதே சாதிக் கேள்விகள்தான். ஆகவே இந்தத் தேர்வுக்குப் படித்தது எந்த வழியில் போனாலும் வீணாகாது.

வாய்ப்பை அளக்கும் முறை இதுதான். பழைய தாள் ஒன்றை எடுங்கள், கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள், கடிகாரம் பார்த்து எழுதுங்கள். விடை தெரியும் என்பதை எண்ணாதீர்கள், படிப்படியாக முழுதும் எழுதியதை மட்டும் எண்ணுங்கள். பத்தில் நாலைந்து முழுமையாக வந்தால் போட்டியில் இருக்கிறோம் என்பது என் கணிப்பு. ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் இந்த வருடம் இல்லை. எது வரவில்லை என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும்: நிபந்தனை நிகழ்தகவா, அணிகளா, எல்லை மதிப்பா. அத்தை மகனுக்கு எந்த மையமும் சொல்லாத தகவல் இது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில், இடங்கள் கொஞ்சம். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வருடம் போச்சு. அமெரிக்கக் கோப்புக்கு அந்த ஆபத்து இல்லை, பத்து இடத்துக்கு அனுப்பலாம். தேர்வு பெரும்பாலும் மே மாத ஞாயிறில் வரும். நமக்கோ அது சீசன். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை ஒருவழியாகக் கோத்தகிரி பக்கம் திருப்பிவிட்டிருப்பார்கள், மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. சென்னை மையம் என்றால் இரண்டு நாள் முன்பே இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். இடஒதுக்கீடு கேட்பவர்கள் ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டும், மாநிலச் சான்றிதழ் செல்லாது. அதையும் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மூன்றாவதாக வேர்ல்ட்குவான்ட் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. முழுக்க இணையவழி, கல்விக் கட்டணம் இல்லை, படிப்பின் பெயரே நிதிப் பொறியியல் முதுகலை. இளங்கலைப் பட்டமும் ஒரு கணிதத் தகுதித் தேர்வும் போதும், நுழைவது கடினமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே முடிப்பதுதான் கடினம் என்று படிக்கும் நண்பர் சொல்கிறார். நான் அதில் ஒரு பாடமும் படித்ததில்லை, எனவே அவர் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலையை விட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்கா, ஐ.எஸ்.ஐ. இரண்டுக்கும் ஒரே வருடத்தில் முயலலாமா என்று கேட்பவர்களுக்கு: முயலலாம், தேதிகள்தான் இடிக்கும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் மூடிவிடும். இடம் கிடைத்தவர்களிடம் சில வாரங்களில் முன்பணம் கேட்பார்கள், கட்டினால் திரும்பி வராது. ஐ.எஸ்.ஐ. முடிவு வருவதற்குள் அந்தக் கெடு முடிந்திருக்கும். நான் என்ன செய்வேன் என்றால், நவம்பரிலேயே இரண்டு பழைய தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்துவிடுவேன். நாலைந்து வந்தால் அமெரிக்கக் கட்டணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு மே மாதத்துக்குப் படிப்பேன். வராவிட்டால், மதிப்பெண் பட்டியலில் நிகழ்தகவு என்ற பெயரோடு ஒரு தாளை ஏற்ற என்ன வழி என்று துறைத் தலைவரிடம் போய்க் கேட்பேன், அந்தத் தாள் இரண்டு வழிக்குமே வேண்டும்.