‘மக்கா’ என்றான், நம்பினேன், 86,400 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஆன்லைன் டிரேடிங் தளத்தில் இருந்த என் கணக்கை முடக்கிவிட்டார்கள். இன்னும் வெப்ராளம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 86,400 ரூபாய். சீட்டு எடுத்த பணம். இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் வீட்டின் மேற்குப் பக்கம் கழுக்கோலும் ஓடும் மாற்ற வேண்டும் என்று வைத்திருந்தது.

அது டெதர் என்கிற கிரிப்டோ காசைப் போட்டால் கம்ப்யூட்டரே டிரேடிங் செய்து தினமும் லாபம் ஏற்றித் தருகிற மாதிரியான ஒரு தளம். பெயர் சொல்லவில்லை. சொல்லியும் பிரயோஜனம் இல்லை, இதே கடையை நாளைக்கு வேறு பெயரில் திறப்பார்கள்.

நம்மூர் ஆட்கள் இருக்கிற ஒரு டெலிகிராம் குழுவில்தான் லிங்க் வந்தது. நானும் ஒன்றும் தெரியாதவன் இல்லை. மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறேன், நாலு பேருக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். அதனால் முதலில் 20 டெதர் மட்டும் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் 23 ஆனது. வெளியே எடுத்தேன், வந்தது! விற்றதில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேங்கில் ஏறியது, அந்தக் காசில் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போய் பொரோட்டாவும் பீஃபும் தின்றேன். அந்தப் பொரோட்டாதான் எனக்குப் போட்ட தூண்டில் இரை.

அதைவிடப் பெரிய இரை ஒன்று இருந்தது. அந்தத் தளத்தின் மூலையில் ஒரு சாட் பெட்டி. அதில் ஒருத்தன் தமிழில் பேசினான், அதுவும் நாகர்கோவில் தமிழில். பெரிய தொகை போட பயமாயிருக்கு என்று எழுதினேன். “மக்கா, பயப்படாத, நான் இருக்கேம்லா” என்று வந்தது. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். நம்ம ஊர்ப் பையன், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் வைத்துக்கூட பிடித்துவிடலாம் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தேன். முதல்முதலில் ‘மக்கா’ என்று எழுதியவன் நான். “சரி மக்கா, பாத்துச் சொல்லு” என்று நான் எழுதிய பிறகுதான் அவன் அப்படிப் பேசவே தொடங்கியிருக்கிறான். என் வாயிலிருந்து எடுத்து எனக்கே விற்றிருக்கிறான்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஒரு டெதர் 90 ரூபாய் விலையில் யுபிஐ மூலம் தனியாள் ஒருவரிடம் 960 வாங்கி, அந்தச் சாட்காரன் கொடுத்த டெதர் விலாசத்துக்கு அனுப்பினேன். 86,400. பதினோரு நாளில் திரையில் 2,140 காட்டியது. பிட்காயின் என்றால் ஏறும், இறங்கும்; 2021 நவம்பரில் 69,000 டாலர் பக்கம் போனது, மறு நவம்பரில் 16,000க்குக் கீழே விழுந்தது, அது வேறு கதை. ஆனால் டெதர் என்பது ஒரு டாலருக்கு ஒன்று என்று கட்டிப்போட்ட காசு. அது ஏறுவதும் இல்லை, பெரிதாக இறங்குவதும் இல்லை. அப்படியிருக்க 960 எப்படிப் பதினோரு நாளில் 2,140 ஆகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

எடுக்கப் போனேன். 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். அப்புறம் ‘சிஸ்டம் அப்கிரேட்’. அப்புறம் ஒரு புகார் எண் கொடுத்தார்கள், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் புதிதாக இன்னொரு எண். மக்கா போய் ‘அன்பான வாடிக்கையாளரே’ வந்துவிட்டது. கடைசியில், இந்திய அரசின் 30 சதவீத வரி பாக்கி, லாபம் 1,180க்கு 354 டெதர் முதலில் கட்டினால்தான் பணம் வெளியே வரும் என்றார்கள். 30 சதவீத வரி நிஜம், 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, அதனால் அதையும் நம்பினேன். அதற்கான 31,860 ரூபாய்க்கு வீட்டு வளையலைப் பார்த்ததும் உண்டு, எழுதவே கூசுகிறது. தக்கலையில் கணக்கு எழுதுகிற நண்பன்தான் கத்தினான்: “அந்த வரிய வருமான வரித்துறைக்கு நீதாம்ல கட்டணும், இவனுக்கு எதுக்குக் கட்டுத?” விற்கும்போது வரிக்காகப் பிடிப்பது 1 சதவீத டிடிஎஸ், அதையும் தருகிற தொகையில் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்களாம். அப்படியானால் என் 2,140லேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் முடக்கம்.

பேங்குக்குப் போனேன். யுபிஐ நீங்களே போட்டது, பணம் வாங்கினவர் டெதரைக் கொடுத்துவிட்டார், இதில் நாங்கள் யாரை நிறுத்த என்று கேட்டார்கள். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றதற்குச் சாப்பாட்டு நேரம் முடிந்து வாருங்கள். ஒரு வகையில் அவர்கள் சொன்னதும் சரி, டெதர் விற்றவர் பாவம் ஒழுங்கான ஆள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெதர் போன தடம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் கிடக்கிறது. என் 960 இன்னொரு விலாசத்துக்குப் போய், மற்றவர்கள் பணத்தோடு கலந்து, மறுபடி வேறெங்கோ போகிறது. உட்கார்ந்து பார்க்கலாம், தொட முடியாது. 86,400 ரூபாய்க்கு இந்த வேடிக்கை.

படித்துவிட்டு ஏமாறாமல் இருக்கப் பத்து விஷயமாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், தலை வேலை செய்யவில்லை. கிடைத்ததைச் சொல்கிறேன். தளத்தின் பெயர் எந்தத் தேதியில் பதிவானது என்பதை ‘ஹூஇஸ்’ பக்கத்தில் ஓசியில் பார்க்கலாம். 2017 முதல் சேவை என்று அடியில் எழுதியிருந்த தளம் பதிவாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது, இதை நான் பணம் போன பிறகு பார்த்தேன். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்லவன் என்று அர்த்தம் இல்லை, திருடனும் பூட்டு வாங்குவான். சின்னத் தொகை திரும்பி வந்ததை வைத்துப் பெரிய தொகை போடாதீர்கள். பணம் எடுக்கப் பணம் கட்டு என்றால் அதோடு நிறுத்துங்கள். போய்விட்டால் உடனே, அந்த மணிக்கூறிலேயே, சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் அவன் சொன்ன 48 மணி நேரத்தைக் காத்துக் கழித்தேன். நேற்று குழுவில் புலம்பியதும் இரண்டு பேர் உள்ளே வந்து, 5,000 முன்பணம் தந்தால் மீட்டுத் தருகிறோம் என்கிறார்கள். அவர்களும் அதே கூட்டம்தான்.

ஓடு மாற்றுகிற ஆசாரி மூன்றாவது தடவையாக போன் அடிக்கிறார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.