பிஷ்ணுபூர் முதல் சுந்தரவனம் வரை: 24–105 லென்ஸ், நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

வங்காளத்துக்குப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது 16–35 மி.மீ. வைட் லென்ஸ், அதாவது அகன்ற காட்சியைப் பிடிக்கும் லென்ஸ். அங்கே பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்தால் அது பெரும்பாலும் பையிலேயே கிடப்பது தெரியும். ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 24–105 மி.மீ. எஃப் 4 ஜூம் ஒன்றை (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்) மாட்டிக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. அதிலும் 70-க்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் அதிக உழைப்பு.

பாங்குரா மாவட்டத்துப் பிஷ்ணுபூரை எடுத்துக்கொள்வோம். 1643-இல் கட்டிய ஷியாம்ராய், 1655-இன் ஜோர்பங்களா, 1694-இன் மதன்மோகன் மூன்றுமே உயரத்தால் மிரட்டும் கோயில்கள் அல்ல. விஷயமெல்லாம் சுவரில் வரிசை வரிசையாகப் பதித்த சிறு சுடுமண் பலகைகளில் இருக்கிறது. கிட்டே போய் 24-இல் அண்ணாந்து எடுத்தால் மேல் வரிசைகள் குறுகி, சுவர் பின்னால் சாயும். மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்று, சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்படி பிடித்து, 85–105-இல் எஃப் 8 வைத்து எடுப்பதே சரி. கார்னிசுக்கு (கூரை விளிம்புக்கு)க் கீழே உள்ள வரிசைக்கு இன்னும் பின்வாங்கி எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி (கிராப்) வைத்துக்கொள்ளலாம். பின்வாங்கினால் கோணம் தணியும். கிராப்பில் போகும் பிக்சலைவிட அந்த லாபம் பெரிது.

இங்கே பலரும் சறுக்குவது எக்ஸ்போஷரில். படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மொத்த ஒளிக்கான வெள்ளைக் கோடு ஒழுங்காகத் தெரியும், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வந்து திறந்தால் பலகையின் மூக்கு, விரல், வில்லெல்லாம் ஒரே ஆரஞ்சுத் திட்டு. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்து, தேவைப்பட்டால் 0.7 ஸ்டாப் குறைக்கவும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் செம்மையைப் பிழை என்று எண்ணி நீலம் கலக்கும்; ரா-வில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பில்) எடுத்து, நிறச் சமநிலையை 5,200–5,500 கெல்வினில் நிறுத்திவிடுவது நல்லது. பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் புருலியாவில் பூக்கும் பலாசப் பூவுக்கும் இதே வைத்தியம்.

லென்ஸைவிட முக்கியம் சூரியன் நிற்கும் திசை. ஆழம் குறைந்த இந்தப் புடைப்புகள் சாய்ந்த ஒளியில்தான் எழுந்து தெரியும். வங்காளக் கோயில்களின் முகப்பு பெரும்பாலும் தெற்கே பார்க்கும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை 7.15–8.30, மாலை 3.15–4.30 வேளைகளில் தெற்குச் சுவரை வெயில் பக்கவாட்டில் வருடும். உச்சிப்பொழுது அங்கே 11.35 வாக்கில் வந்துவிடும். அப்போது முகப்பு தட்டையாகிப் போகும். கிழக்குச் சுவருக்குக் காலை 10–10.30 தான் வேளை, மேற்குக்கு மதியம் ஒரு மணி. ஊர் கடகரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் தெற்குச் சுவரில் நேர்வெயில் அநேகமாக விழாது. அந்த மாதம் போகிறவர்கள் மேகமூட்டத்தின் மென்னொளியை நம்பி முழுக் கோயிலை எடுக்கலாம், பலகைகளை மறந்துவிடலாம். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று: டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும், சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னால். கேட் திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடங்களில் முன் அனுமதி இல்லாமல் டிரைபாட் விரிக்க விடமாட்டார்கள். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) இங்கே காசுக்கு உழைக்கிறது. 24-இல் 1/8 நொடி கையிலேயே நிற்கும். முழங்கையை ஊன்ற வேண்டுமென்றால் வெறும் செங்கல் சுவரில் ஊன்றுங்கள், பலகைமேல் வேண்டாம்.

மென்பொருளின் ‘தானாக நேராக்கு’ பொத்தானை வங்காளக் கூரைக்குப் பயன்படுத்தக் கூடாது. குடிசைக் கூரை போல வளைந்திறங்கும் ‘சாலா’ கூரையின் விளிம்பை அது கிடைக்கோடாக எண்ணிப் படத்தையே சாய்த்துவிடும். தூண் அடியையும் பீடத்தையும் வைத்துக் கையால் சரிசெய்யவும்.

கால்னாவின் 108 சிவன் கோயில்கள் (1809) வெளிவட்டத்தில் 74, உள்வட்டத்தில் 34 என்று அமைந்தவை. வட்டம் என்பதால் எந்நேரமும் ஒரு பாதி நிழலில்தான் இருக்கும். வைட் லென்ஸில் ஓரத்துக் கோயில்கள் பூசணிக்காயாக உப்பும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 35-இல், மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்து ஒட்டுவது மேல். முர்ஷிதாபாத்தின் ஹசார்துவாரி அரண்மனை (1837) வடக்கே பார்ப்பது. குளிர்காலம் முழுக்க அதன் முகப்பு நிழலில் இருக்கும், எதிரே உள்ள நிஜாமத் இமாம்பாரா (ஷியா முஸ்லிம்களின் வழிபாட்டு மண்டபம்) தான் வெயிலில் வெளுத்து நிற்கும். வானமும் முகப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டு எக்ஸ்போஷர் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே அருங்காட்சியகத்தில் கேமராவுக்கு இடமில்லை, வெள்ளிக்கிழமை விடுமுறை.

சுந்தரவனத்தில் வைட் லென்ஸ் இன்னும் பயனற்றது. கரை ஒரு கோடாகச் சுருங்கி, படம் முழுக்க நீரும் வானமும்தான் மிஞ்சும். ஓடைகளை 70–105-இல் நெருக்கி எடுத்தால்தான் காடு காடாகத் தெரியும். புலியும் பறவையும் கேட்பவர்களுக்கு 400 வேண்டும், அது வேறு கணக்கு. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் வெளியே தெரிவது நீர் வடியும்போது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் சொச்சம், படகுக்காரரிடம் வற்று நேரத்தைக் கேட்டுக் கிளம்பவும். ஈரச் சேற்றின் பளபளப்பைப் போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும் வடிகட்டி) வெட்டும், விலையாக ஒன்றரை ஸ்டாப் போகும். டீசல் இன்ஜின் ஓடும்போது படகின் கம்பியில் லென்ஸைச் சாய்க்காதீர்கள். அதிர்வு அப்படியே ஏறும். கையில் பிடித்து 1/500 வையுங்கள், முக்கியமான படத்துக்கு இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.

தேய்மானம் பற்றி. ஜூம் செய்யும்போது நீளும் குழல் காற்றோடு தூசியையும் இழுக்கிறது. வீர்பூம், புருலியாவின் செம்புழுதியில் இது சீக்கிரம் தெரியும். ஜூம் வளையம் நறநறக்கத் தொடங்கும். கால்பைசாகி புயல் வரும் ஏப்ரல், மே மாலைகளில் மழைக்கு முன்னால் புழுதிதான் வரும், அப்போது லென்ஸ் மாற்றவே வேண்டாம். உப்பங்கழியில் இருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழலைத் துடைக்கவும். உலர்துணி உப்பைத் தேய்த்துக் கீறும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது காற்றுப்புகாப் பையில் அரைமணி விட்டுத் திறந்தால் கண்ணாடி பூக்காது. மழைக்காலத்தில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நிற்பதால் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். மூடியிறுக்கிய பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி மூன்றும் சேர்ந்து 40–50 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். தோல் உறைக்குள் லென்ஸை வைத்து மூடுவது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

எஃப் 4 கைவிடும் இடம் பங்களாதேஷின் பாகேர்ஹாட். அறுபது கும்மட்டப் பள்ளிவாசலின் 60 தூண்களுக்கிடையே வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3,200-க்குக் கீழே இறங்குவது கடினம். கிழக்கே 11 வாசல்கள் இருப்பதால் காலையில் போனால் ஒளி உள்ளே ஓடிவரும். அதற்கும் மிஞ்சி வேண்டுமென்றால் பையில் சேர்க்க வேண்டியது 35 எஃப் 1.8, வைட் ஜூமுக்குச் செலவழிக்கும் பணத்தில் அது வந்துவிடும்.