பல்லாங்குழியா, தாயமா?

மதுரை வெயிலுக்கு மதியம் பிள்ளைகளை வெளியே விட முடியாது. லீவில் எங்களுக்கு இந்த இரண்டும்தான்.

ஐந்து வயசுக்காரிக்குப் பல்லாங்குழிதான் சரி. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் எண்ணுவது தானாக வந்துவிடுகிறது. குழியில் நாலு சேர்ந்தால் "பசு!" என்று கத்தி அள்ளிக்கொள்வாள். அது யார் பக்கத்துக் குழி என்பதில்தான் தினமும் பஞ்சாயத்து. (பாதிக் கொட்டை சோபாவுக்கு அடியில் கிடக்கும், அது வேறு கதை.)

தாயத்துக்குப் பலகைகூட வேண்டாம். தரையில் சாக்பீஸால் கட்டம், இரண்டு பித்தளைக் கட்டை, போதும். ஆனால் கட்டையில் தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும். அதுவரை சின்னவளுக்குப் பொறுமை ஏது? அழுகைதான். எட்டு வயசு அண்ணனுக்கோ அடுத்தவர் காயை வெட்டுவதில்தான் குஷி. அப்பத்தாவும் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குக் காபி நாம்தான் போட வேண்டும்.